மன்னிப்பு முதலா, பாவ அறிக்கை முதலா?

கிறிஸ்தவம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று வெளியில் இருப்பவர்கள் சொல்வது: “உங்களுக்கென்ன, எந்தத் தப்பையும் செய்துவிட்டு ஃபாதரிடம் போய்ச் சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்தது.” இன்னொன்று கிறிஸ்தவர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வது: “கத்தோலிக்கர் நற்செயல் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள், புராட்டஸ்டண்டுகள் நம்பினால் போதும், எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்கிறார்கள்.” இதில் முதல் பாதி கத்தோலிக்கர் மேல் சுமத்தப்படும் பொய். மறுபாதி புராட்டஸ்டண்டுகள் மேல் சுமத்தப்படும் பொய்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே குழப்பம். மன்னிப்பைக் கொடுக்கல் வாங்கலாக நினைத்துக்கொள்கிறோம். மனிதன் எதையோ கொடுக்கிறான்: கண்ணீர், ஒப்புதல், நல்ல காரியம், ‘நம்புகிறேன்’ என்ற வார்த்தை. பதிலுக்குக் கடவுள் மன்னிப்பைத் தருகிறார். கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்ட் என எந்தப் பெரிய மரபின் அதிகாரபூர்வப் போதனையிலும் இந்த வரிசை கிடையாது. எல்லோரும் சொல்வது இதற்கு நேர்மாறான வரிசை. கடவுள் முதலில் கொடுக்கிறார். மனிதன் செய்வதெல்லாம் அதற்கான பதில். சபைகள் சண்டை போட்டுக்கொள்வது இதற்கு அப்புறம் வரும் விஷயங்களில். இதைப் புரிந்துகொள்ள ஒருவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இரவல் பைக்

நண்பனின் பைக்கை இரவல் வாங்கிப் போகிறீர்கள். கவனமில்லாமல் ஓட்டி எங்கோ மோதிவிடுகிறீர்கள். முன்பக்கம் நொறுங்கிவிட்டது. பழுதுபார்க்கும் செலவு உங்கள் சக்திக்கு மீறியது. விஷயம் தெரிந்ததும் நண்பன், “விடுடா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான்.

இங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்க்கலாம். சேதம் மாயமாகிவிடவில்லை. செலவு அப்படியே இருக்கிறது. அது உங்கள் தலையிலிருந்து நண்பனின் தலைக்குப் போய்விட்டது. உங்களுக்கு இலவசம், அவனுக்கு இல்லை.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். மோதியதும் பயந்துபோய், பைக்கை அவன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சொல்லாமல் நழுவிவிடுகிறீர்கள். அப்புறம் அவன் போன் செய்தால் எடுப்பதில்லை, எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறீர்கள். அவன் மனதுக்குள் என்றோ மன்னித்திருக்கலாம். ஆனால் அந்த மன்னிப்பு உங்களை வந்து சேர வழியே இல்லை. நீங்கள் ஒருநாள் போய், “நான்தான் மோதினேன்” என்று சொல்வது அவன் மனதில் இரக்கத்தை உண்டாக்குவதற்காக அல்ல. இரக்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பக்கம் சாத்தியிருந்த கதவை நீங்கள் திறக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மன்னிப்பு கிடைத்த அடுத்த வாரமே, “அவன்தான் பார்த்துக்கொள்வானே” என்று மறுபடி அதே வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டினால், உங்களுக்கு நடந்தது என்னவென்றே உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

எந்த ஒப்புமையையும் போல இதுவும் ஓரிடத்தில் உடைந்துபோகும். பைக் வெளியே இருக்கும் ஒரு பொருள். கிறிஸ்தவம் பேசும் சேதமோ ஓட்டுபவருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் செலவை ஏற்பதோடு வேலை முடிவதில்லை. ஆளையும் குணமாக்க வேண்டும்.

சில சொற்கள்

பாவம் என்றதும் பொய், திருட்டு, விபசாரம் என்று ஒரு பட்டியல் மனதில் ஓடும். கிறிஸ்தவப் போதனையில் அதெல்லாம் மேல்மட்டம். அடியில் இருப்பது உறவு முறிவு: கடவுளைவிட்டு விலகி, தன்னையே நடுவில் வைத்துக்கொண்டு வாழும் நிலை. தனித்தனித் தவறுகள் அந்த நிலையின் அறிகுறிகள். “நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே” என்ற வாதம் இங்கே எடுபடாமல் போவது அதனால்தான். கேட்பதற்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இதை ஒதுக்கிவிட்டால் மற்ற எதுவும் பொருந்தாது.

கிருபை என்பது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு. கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். இரட்சிப்பு, அதாவது மீட்பு, முறிந்துபோன அந்த நிலையிலிருந்து விடுபட்டுக் கடவுளோடு மறுபடி சேர்வது. செத்த பிறகு மோட்சத்துக்குப் போவது என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல், பைபிளில் உள்ள தன் கடிதங்களில் இதை மூன்று காலங்களிலும் பேசுகிறார்: இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிறோம் (1 கொரிந்தியர் 1:18), இனி இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9). சபைகளுக்கு இடையிலான சண்டைகளில் கணிசமானவை, ஒரு தரப்பு ஒரு காலத்தை அழுத்திப் பிடிக்க, மறுதரப்பு இன்னொன்றை அழுத்திப் பிடிப்பதால் வருபவை.

விசுவாசம் என்பது நம்பி ஒப்படைப்பது. கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசமாகாது. பிசாசுகளும் அப்படி விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபின் கடிதம் (2:19) குத்தலாகவே சொல்கிறது.

மனந்திரும்புதல் வெறும் வருத்தத்தைவிடப் பெரியது. இதற்கு நற்செய்தி நூல்களிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வருந்தினான். ‘பாவம் செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். ஒப்புதல், வருத்தம், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் எல்லாம் நடந்தன. இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுரு அழுததாக மட்டுமே சொல்லப்படுகிறது. ஆனால் பேதுரு சீடர்களோடு இருந்தார், உயிர்த்தெழுந்தவரைப் பார்க்கக் கரைக்கு நீந்தி வந்தார். யூதாஸ் தனியாகப் போய் உயிரை மாய்த்துக்கொண்டான். வருத்தத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. யாரை நோக்கித் திரும்பினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஐந்தாம் நூற்றாண்டிலேயே வந்த சண்டை

‘கடவுள் முதலில்’ என்ற வரிசை சும்மா வந்துவிடவில்லை. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலேகியுஸ் என்ற துறவி, மனிதன் மனது வைத்தால் பாவமில்லாமல் வாழலாம் என்று போதித்தார். கடவுள் சட்டத்தையும் இயேசுவின் முன்மாதிரியையும் கொடுத்துவிட்டார், இனி முயற்சி உன்னுடையது. கேட்க உற்சாகமான போதனைதான். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) இதைக் கடுமையாக எதிர்த்தார். மனிதனுடைய விருப்பமே நோயுற்றிருக்கிறது. நல்லதை விரும்புவதற்கே அவனுக்கு உதவி வேண்டும் என்பது அவர் வாதம். 418இல் கார்த்தேஜ் சங்கமும் (சங்கம் என்றால் ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) 431இல் எபேசு பொதுச்சங்கமும் பெலேகியுஸ் தரப்பை நிராகரித்தன. பிற்பாடு, “முதல் அடியை மட்டும் மனிதன் எடுத்து வைக்கட்டும், மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று ஒரு நடுவழி யோசனை வந்தது. 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அதையும் ஏற்கவில்லை. அந்த முதல் அடி எடுக்கத் தோன்றுவதே கிருபையால்தான் என்றது.

இதுவரை பார்த்தது: பாவம் ஒரு நிலை, கிருபை அந்த நிலையில் இருப்பவரைத் தேடி முதலில் வரும் தயவு, மனிதன் தன் முயற்சியால் கடவுளைச் சம்மதிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தைத் திருச்சபை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துவிட்டது.

மகன் சொல்லாமல் விட்ட வரி

லூக்கா 15இல் வரும் ஊதாரி மகன் கதை பலருக்குத் தெரியும். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்தவன், பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்தபின் வீடு திரும்ப முடிவெடுக்கிறான். அப்பாவிடம் சொல்ல ஒரு சிறு பேச்சைத் தயாரித்துக்கொள்கிறான். அதில் மூன்று பகுதிகள் உண்டு: பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்லத் தகுதியில்லாதவன், உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.

அந்த மூன்றாவது வரியில் அவன் ஒரு பேரம் பேச நினைக்கிறான். உழைத்து ஈடு செய்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் நடந்தது வேறு. அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்து, ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் மகன் வாய் திறக்கிறான். முதல் இரண்டு பகுதிகளைச் சொல்கிறான். கூலிக்காரன் வரி வரவே இல்லை; அதற்குள் தகப்பன் நல்ல உடை கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பாவ அறிக்கை பற்றிய கிறிஸ்தவப் பார்வை மொத்தமும் இந்தச் சில வசனங்களில் இருக்கிறது என்பேன். அறிக்கை நடக்கிறது, அது தேவை, ஆனால் அணைத்த கைகளுக்குள் நின்றுகொண்டு நடக்கிறது. அதே சமயம் மகன் எழுந்து வராமல் பன்றிகளோடேயே இருந்திருந்தால் தகப்பனின் அன்பு குறைந்திருக்காது, அவனுக்குத்தான் கிடைத்திருக்காது.

“நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்” அவர் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறதே, அது நிபந்தனை இல்லையா என்று கேட்கலாம். நிபந்தனைதான், மருந்தைக் குடித்தால்தான் குணமாகும் என்பதைப் போன்ற நிபந்தனை. அந்த வசனமே மன்னிப்புக்குக் காரணமாகக் காட்டுவது நம் அறிக்கையின் தரத்தை அல்ல. ‘அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்’ என்பதை.

அப்படியானால் செலவு?

நண்பன் செலவை ஏற்றான் என்றேனே, கிறிஸ்தவத்தில் அந்த இடத்தில் இருப்பது சிலுவை. இயேசுவின் மரணமும் உயிர்த்தெழுதலும் எப்படி மன்னிப்பைச் சாத்தியமாக்குகின்றன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பாவத்தின் மீதும் மரணத்தின் மீதும் கிடைத்த வெற்றி என்றார்கள் ஆரம்பகாலத்தவர்கள். கடவுளின் மகிமைக்கு நேர்ந்த குறையை ஈடுசெய்தது என்றார் 11ஆம் நூற்றாண்டின் ஆன்செல்ம். நம் தண்டனையை அவர் ஏற்றார் என்பது 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் அழுத்திச் சொன்னது. எதை முதன்மையாக வைப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. ஆனால் கோபக்காரக் கடவுளை இயேசு சமாதானப்படுத்தினார் என்று சொல்வது எந்த விளக்கத்துக்கும் நியாயம் செய்யாது. நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து மரித்தார், அதுவே கடவுள் நம்மேல் வைத்த அன்புக்குச் சாட்சி என்கிறது ரோமர் 5:8. இங்கும் அதே வரிசை.

யாரிடம் சொல்வது?

நடைமுறையில் சபைகள் அதிகம் வேறுபடுவது இந்தக் கேள்வியில்தான்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் அன்றாடத் தவறுகளுக்கு ஜெபமும் உபவாசமும் தானமும் போதும் என்று கருதினார்கள். கொலை, விபசாரம், விசுவாசத்தை மறுதலித்தல் போன்ற பெரிய பாவங்களுக்குத்தான் தனி ஏற்பாடு. ஆயரிடம் ஒப்புக்கொண்டு, சபையின் கண்முன்னே நீண்ட காலம் தவ வாழ்க்கை நடத்தி, பிறகு மறுபடி சேர்க்கப்படுவார்கள். பல இடங்களில் ஞானஸ்நானத்துக்குப் பின் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. அது இவ்வளவு கடுமையாக இருந்ததால் பலர் அதைச் சாகும் தருவாய்க்குத் தள்ளிப்போட்டார்கள்.

தனியாக, ரகசியமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் குருவிடம் சொல்லலாம் என்ற வழக்கத்தை மேற்கு ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள், ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்ய வேண்டும் என்று சட்டம் வைத்தது. கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவி நீக்கிக் கடும் ஒழுங்குள்ள துறவி மடத்தில் அடைக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியது. இந்த ரகசியக் கட்டுப்பாடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. சினிமாக்களில் பார்க்கும் மரத்தடுப்புக் கூண்டு எல்லாவற்றுக்கும் பிந்தியது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ அதை வலியுறுத்திய பிறகுதான் பரவியது.

கத்தோலிக்கத்தில் இது ஏழு அருளடையாளங்களில் ஒன்று. ஒப்புரவு அருளடையாளம் என்பது இன்றைய பெயர். அருளடையாளம் என்றால் கண்ணுக்குத் தெரியும் செயல் வழியாகக் கடவுள் தம் அருளைத் தருவது. இதில் பாவம் செய்தவரின் பங்கு மூன்று: மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். குருவின் பங்கு, மன்னிப்பு வழங்குதல். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம், நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதை (யோவான் 20:23) இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குரு மன்னிப்புக் கூறும் வாக்கியம் எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தால், கடவுள் தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பதுதான் முதலில் வரும். ‘நான் உன் பாவங்களிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்’ என்பது அதற்கு அப்புறம்.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வரலாம்: ஃபாதரிடம் சொன்னால் கணக்கு தீர்ந்ததா? திருந்தும் எண்ணமே இல்லாமல் ஒருவர் பட்டியலை ஒப்பித்துவிட்டு வந்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்பதே கத்தோலிக்கப் போதனை. குரு வார்த்தைகளைச் சொல்லியிருந்தாலும் செல்லாது. நேர்மாறாக, கடவுள் மேலுள்ள அன்பினால் உண்மையாக வருந்தி, முடிந்தவுடன் அறிக்கையிடும் எண்ணம் உள்ளவருக்குப் பெரிய பாவமும் அப்போதே மன்னிக்கப்படுகிறது என்றும் அதே போதனை சொல்கிறது. ஆக, கூண்டுக்குள் மாயம் எதுவும் இல்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கூண்டு கிடையாது. அறிக்கையிடுபவர் கிறிஸ்துவின் திருவுருவத்தையோ நற்செய்திப் புத்தகத்தையோ பார்த்தபடி நிற்பார். குரு பக்கத்தில் சாட்சியாக நிற்பார். நீதிமன்றத்தைவிட மருத்துவமனை என்ற படிமம்தான் அவர்களிடம் அதிகம். பாவம் நோய், அறிக்கை வைத்தியம்.

ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் குருவிடம் சொல்லும் வழக்கத்தை ஒழித்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1530இல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 11ஆவது பிரிவு, தனிப்பட்ட முறையில் மன்னிப்பு வழங்கும் வழக்கம் சபைகளில் தொடர வேண்டும் என்றே சொல்கிறது. எல்லாப் பாவங்களையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் நீக்கியது. ஆங்கிலிக்கன் சபையில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கைதான் வழக்கம். விரும்பினால் தனியாகவும் குருவிடம் போகலாம். பாப்டிஸ்ட், பெந்தெகோஸ்தே சபைகள் இடையில் ஆள் வேண்டாம், நேரடியாகக் கடவுளிடம் சொல்லுங்கள் என்கின்றன. அவர்களும் ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்ற யாக்கோபு 5:16ஐ வைத்து, நம்பிக்கையான ஒரு சக விசுவாசியிடம் மனம்விட்டுப் பேசச் சொல்வார்கள்.

என் கணிப்பில், ‘நேராகக் கடவுளிடம் சொல்லிவிட்டேன்’ என்பது சொல்ல எளிது, ஆனால் மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள அதில் நிறைய இடம் இருக்கிறது. இன்னொருவர் காதில் விழும்படி சொல்வதில் வெட்கம் உண்டு. மன்னிக்கப்பட்டாய் என்று இன்னொரு குரல் சொல்லிக் கேட்பதில் ஆறுதலும் உண்டு. மறுபக்கம், கேட்கும் இடத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதும் வரலாறுதான்.

பரிகாரம் என்ன விலை?

பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் குரு சில ஜெபங்களையோ, ஒரு தர்ம காரியத்தையோ, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வதையோ பரிகாரமாகச் சொல்வார். இது மன்னிப்புக்கான கட்டணம் போலத் தோன்றும். உண்மையில் பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் அது விட்டுச்சென்ற காயமும் கெட்ட பழக்கமும் இருக்கும். அவற்றை ஆற்றுவதற்கானது இது. இரவல் பைக் கதையில், மன்னிக்கப்பட்டவன் வண்டியை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்வதைப் போல.

ஆனால் இந்த நுட்பமான வேறுபாடு சாதாரண மக்களிடம் எவ்வளவு சுலபமாகக் காணாமல் போகும் என்பதற்கு 1517ஐப் பார்க்கலாம். இண்டல்ஜென்ஸ் என்ற ஏற்பாடு, ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீந்திருக்கும் தற்காலிகத் தண்டனையைக் குறைப்பது. கோட்பாட்டளவில் அது பாவமன்னிப்பே அல்ல. ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்டியபோது, யோஹான் டெட்செல் போன்ற பிரசங்கிகள் அதைக் கூவி விற்காத குறையாகப் பேச, மக்கள் பணம் கொடுத்தால் மன்னிப்பு என்றே புரிந்துகொண்டார்கள். லூதரின் 95 கருத்துரைகள் அதற்கு எதிர்வினையாக வந்தவை. கிறிஸ்து மனந்திரும்புங்கள் என்று சொன்னபோது விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கருதினார் என்பது அதில் முதல் கருத்துரை. மன்னிப்பை மலிவாக்கிய ஏற்பாட்டை எதிர்த்துத்தான் அவர் தொடங்கினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இண்டல்ஜென்ஸுக்குப் பணம் வாங்குவதைப் பின்னர் 1567இல் போப் ஐந்தாம் பயஸ் ஒழித்தார்.

விசுவாசமா, செயலா?

‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்கிறது எபேசியர் 2:8. மனிதன் செயல்களினாலே நீதிமானாக்கப்படுகிறான், விசுவாசத்தினால் மாத்திரம் அல்ல என்கிறது யாக்கோபு 2:24. நேர் முரண் போல இருக்கிறது.

நீதிமானாக்கப்படுதல் என்றால் கடவுள்முன் சரியான நிலையில் நிறுத்தப்படுவது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ஏற்புடையவராதல். பவுல் எதிர்ப்பது, செயல்களைக் காட்டிக் கடவுளிடம் உரிமை கோரலாம் என்பவரை. யாக்கோபு எதிர்ப்பது, வாயால் விசுவாசம் என்று சொல்லிவிட்டுப் பசித்தவனைச் சும்மா அனுப்புகிறவரை. இருவரும் பேசுவது இரு வேறு ஆட்களிடம். பவுலின் வாசகமும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடவில்லை. பத்தாம் வசனம் நற்செயல்களுக்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்று முடிகிறது.

லூதரும் கத்தோலிக்கரும் உண்மையிலேயே பிரிந்த இடம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. நீதிமானாக்குவது என்றால் கடவுள் ஒருவரை நீதிமான் என்று அறிவிப்பதா, மாற்றி நீதிமானாக ஆக்குவதா? அறிவிப்பு என்றார் லூதர். கிறிஸ்துவின் நீதி இவர் பேரில் எண்ணப்படுகிறது. உள்மாற்றம் கூடவே தொடங்கினாலும் ஆதாரம் அதுவல்ல. ஆக்குவதும் சேர்ந்ததுதான் என்றது கத்தோலிக்கத் தரப்பு; அருள் உள்ளே புகுந்து மனிதனைப் புதுப்பிக்கிறது, அவன் அதோடு ஒத்துழைக்கிறான். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் லூதரின் நிலைப்பாட்டை மறுத்தது. ஆனால் அந்த ஆவணத்தின் முதல் விதி என்ன தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள்முன் ஏற்புடையவனாகலாம் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன். நற்செயலால் மோட்சம் சம்பாதிக்கலாம் என்பது கத்தோலிக்கம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இந்த விஷயத்தில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பது அதன் மையம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் (கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபைகளின்) உலக அமைப்பும் அதில் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்ட பழைய தீர்ப்புகள் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள்.

சுருக்கிச் சொன்னால்: செயல் வேர் அல்ல, கனி என்பதில் இரு தரப்பும் ஒன்று. கனி பழுப்பதில் மனிதனின் ஒத்துழைப்பை எப்படி விவரிப்பது என்பதில் வேறு.

அப்படியானால் தப்பு செய்துகொண்டே இருக்கலாமே?

இந்தக் கேள்வி புதிதல்ல. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைநிற்கலாமா என்று பவுலே ரோமர் 6இல் கேட்டு, கூடாது என்று பதிலும் சொல்லிவிட்டார்.

சகேயு கதை இதை நன்றாகக் காட்டும். மக்களைச் சுரண்டிப் பணக்காரனான வரி வசூலிப்பவர் அவர். இயேசு முதலில் அவரைப் பேர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு சகேயு தானாகவே சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பியும் தருவதாகச் சொல்கிறார். கிருபை அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. அவர் பையைத் திறக்க வைத்தது.

கடவுள் மன்னிப்பது, பாதிக்கப்பட்டவர் மன்னிப்பது, சட்டம் விடுவிப்பது, இவை மூன்றும் தனித்தனி. ஒன்று கிடைத்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிட்டன என்று அர்த்தமில்லை. சபைகளுக்குள் நடந்த பாலியல் வன்கொடுமைகளில், ‘கடவுளே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு’ என்று பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைத்தது பல நாடுகளில் வெளிவந்த உண்மை. அது கிருபை என்ற சொல்லைக் கவசமாக்கிக்கொண்டது. அப்படி வாயை அடைத்தவர்கள் தாவீதின் கதையை மறந்துவிட்டார்கள். பெத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைச் சாகவைத்த அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி, ஆண்டவர் உன் பாவத்தை நீக்கினார் என்கிறார். அதே மூச்சில் விளைவுகளையும் அறிவிக்கிறார். மன்னிப்பு தாவீதை அவற்றிலிருந்து தப்பிக்க வைக்கவில்லை.

கடனை மன்னித்தும் புரியாதவன்

மத்தேயு 18இல் ஓர் உவமை. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. கூட்டிப் பார்த்தால் 6 கோடி நாள் கூலி. ஒருநாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவன் ராஜாவிடம் கேட்டது என்ன? மன்னிப்பு கேட்கவில்லை. “பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று தவணைதான் கேட்டான். ராஜா தவணை தரவில்லை, கடனையே தள்ளுபடி செய்துவிட்டார்.

வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி, தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். நன்றிகெட்டவன் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு வேறு மாதிரி தோன்றும். அவன் இன்னும் தவணைக் கணக்கிலேயே இருக்கிறான். கடன் போய்விட்டது என்பதை நம்பவே இல்லை. கிடைத்த இடத்திலெல்லாம் வசூலித்துக் கட்டிவிட நினைக்கிறான். ராஜா கடைசியில் தம் மன்னிப்பைத் திரும்பப் பெறுவதாக வரும் முடிவு கடுமையானது. ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் வருவதும் இதே கடுமைதான். மற்றவரை மன்னிப்பது நமக்கு மன்னிப்பு கிடைக்கத் தரும் விலை என்று இதைப் படித்தால் முழுப் போதனையும் தலைகீழாகிவிடும். உவமையில் ராஜாவின் தள்ளுபடிதான் முதலில் வருகிறது.

இழக்க முடியுமா?

கடைசியாக, இன்றும் தீராத ஒரு கேள்வி. ஒருமுறை கிடைத்த இரட்சிப்பை இழக்க முடியுமா? 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் சங்கம் முடியாது என்றது. கடவுள் தொடங்கியதை அவரே முடிப்பார். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகள் முடியும் என்பார்கள். கத்தோலிக்கத்தில் சாவான பாவம், அதாவது பெரிய விஷயத்தில், முழு அறிவோடும் சம்மதத்தோடும் செய்த பாவம், அருள்நிலையை இழக்கச் செய்யும். ஒப்புரவு அருளடையாளம் அதை மீட்டுத் தரும். அற்பப் பாவங்கள் அந்த நிலையைக் காயப்படுத்தும், அழிக்காது.

பாவ அறிக்கைக்கு ஒவ்வொரு சபையும் கொடுக்கும் இடம் பெருமளவு இந்தப் பதிலைப் பொறுத்தது. இழக்கலாம் என்று நம்பும் கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் வீட்டுக்குள் திரும்ப வரும் வாசல். பெரிய பாவத்தோடு நற்கருணை (திருப்பலியில் பெறும் அப்பம்) வாங்கக் கூடாது, முதலில் குருவிடம் போக வேண்டும் என்ற விதி அதனால் வருகிறது. இழக்க முடியாது என்று நம்புகிறவருக்கு அறிக்கை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை தகப்பனிடம் மனம்விட்டுப் பேசுவது. அதற்கு ஒரு குருவும் குறித்த சடங்கும் அவருக்குத் தேவைப்படுவதில்லை.